அம்மாவின் சேலைக்கு நான் போட்ட அரக்குச் சாயம்

1

போன சனிக்கிழமை இங்கிலாந்தில், எங்கள் லெஸ்டரில், ஹன்ஸாபென் கடையில் ஒரு வெள்ளைப் பட்டுச் சேலை எடுத்தேன். இங்கே வந்த பதினாறு வருடத்தில் அந்தக் கடையில் நான் வெள்ளையைத் தொட்டதே கிடையாது. கிறிஸ்தவப் பெண்கள் நாங்கள் கல்யாணத்துக்கு வெள்ளைதான் கட்டுவோம் என்று முன்பு ஒருமுறை நானே அவளுக்குப் பாடம் எடுத்திருந்தேன். அந்த நினைப்பில் ஹன்ஸாபென் கையைத் தட்டி, உள்ளே இருந்த புருஷனைக் கூப்பிட்டு, “கிரேஸ் மகளுக்குக் கல்யாணம்!” என்று அறிவித்துவிட்டாள். அந்த மனிதர் இனிப்புப் பெட்டியோடு ஓடிவந்தார்.

“கல்யாணம் இல்லை. பியூலாவுக்குப் பதினைந்து வயசுதான் ஆகிறது” என்றேன்.

“பிறகு யாருக்கு?”

“எனக்குத்தான். என்னைப் புதைக்கும்போது கட்டிவிட.”

அவள் கையிலிருந்த குண்டூசி டப்பா நழுவி விழுந்து கடை முழுக்க ஊசி. மூன்று பேரும் முட்டி போட்டுப் பொறுக்கினோம். இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பொறுக்கினார். கடைசியில் ஹன்ஸாபென் மெல்ல, “உடம்புக்கு ஏதாவது வந்திருக்கிறதா?” என்று கேட்டாள். “கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்” என்றேன். அவள் நம்பவில்லை. விலையில் குறைத்துக்கொண்டாள். அவளுக்கு விளங்கவைக்க அந்த ஒரு மதியம் போதவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்காவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

2

நான் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், பஜாருக்கு மேலே ஒரு சரிவில், தகரக் கூரை வீட்டில் வளர்ந்தவள். அம்மா மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். எனக்கு எட்டு வயதில் அப்பா இறந்தார். அன்றைக்கு வெள்ளைச் சேலைக்கு மாறிய அம்மா அதன் பிறகு வேறு கலரைத் தொடவில்லை. தங்கை சாந்தா இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். நான் நர்ஸ் படித்தேன். அய்யம்பாளையத்துக்காரர் ராஜனைக் கல்யாணம் செய்தேன். நான்காம் மாதமே இருவரும் இங்கிலாந்து வந்து சேர்ந்தோம். அவருக்குக் காலுறை பின்னும் மில்லில் மெக்கானிக் வேலை, எனக்கு ஆஸ்பத்திரி.

வெளிநாட்டுக்குப் போனால் சேலையை மறந்துவிடுவோம் என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னீர்கள். நடந்தது நேர் எதிர். ஊரில் இருந்தவரை நான் ஒரு சேலையைக்கூட நானாக எடுத்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று. பஜாரில் ராவுத்தர் கடை பெஞ்சில் அம்மா உட்காருவாள், நானும் சாந்தாவும் பின்னால் நிற்போம்.

“அழுக்குத் தாங்குற கலராக் குடுங்க ராவுத்தரே. சாயம் போவுமா?”

“போவாதுங்க டீச்சரம்மா. போச்சுன்னா கொண்டாந்து என் மூஞ்சியில விட்டெறிங்க.”

அத்தோடு வியாபாரம் முடிந்தது. பாக்கு நிறம், காப்பிக்கொட்டை நிறம், சாம்பல். இருபத்துநான்கு வயதுவரை நான் கட்டியதெல்லாம் சேறு பட்டாலும் தெரியாத சேலைகள்தான். அடுத்த தட்டில் கிளிப்பச்சையும் கத்தரிப்பூவும் அடுக்கிக் கிடக்கும். கை நீட்டினால் அம்மா தொண்டையைச் செருமுவாள்.

லெஸ்டரில் வாரம் முழுக்கக் கஞ்சி போட்ட யூனிஃபார்ம், தலையில் தொப்பி. உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த குஜராத்திக்காரர்கள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியேறினார்கள். ஹன்ஸாபென் தன் வீட்டு முன்னறையில், கட்டில்மேல் சேலைகளை அடுக்கி விற்க ஆரம்பித்தாள். முதல் சனிக்கிழமை ஈரக் கோட்டோடு உள்ளே போனேன். ஹீட்டர் சூட்டில் புதுத்துணி வாசம் குப்பென்று வந்தது. அவள் கேட்ட முதல் கேள்வி, “உனக்கு என்ன கலர் பிடிக்கும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் தெரியவில்லை! ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டேன், பரீட்சை எழுதி ஸ்டாஃப் நர்ஸ் ஆகிவிட்டேன், எனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் அவள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேலையை உதறி உதறிப் போட்டாள். ஜப்பான் நைலான், ஜார்ஜெட், பெங்களூர் பட்டு. கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் எடுத்தது மயில்கழுத்து நிறம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே வந்த வெள்ளைக்காரக் கிழவர் பயந்து தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

கட்டுவதுதான் பாடு. உள்பாவாடைக்குள் கம்பளிக் கால்சட்டை, ரவிக்கைக்குமேல் ஸ்வெட்டர், அதற்குமேல் கோட். மெட்ராஸ்காரப் பெண்கள் இந்தக் குளிரில் சேலையா என்று அழுதார்கள். நமக்கென்ன? டிசம்பரில் ஏரிப்பக்கம் ஸ்வெட்டரும் சேலையுமாக நடந்த கால்கள். ஆனாலும் இந்த ஊர்க் காற்று பொல்லாதது. பாலத்தில் போகும்போது ராஜன், “நீ சேலையக் கட்டிட்டு வர்றியா, இல்ல சேலை உன்னய இழுத்துட்டு வருதா?” என்பார். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் ஒரு மூதாட்டி என் முந்தானையை விரலால் தொட்டு, இது எத்தனை துண்டு என்று கேட்டாள். ஒரே துணிதான், தையல் கிடையாது என்றேன். “தையலே இல்லையா! பிறகு எப்படி நிற்கிறது?” என்று வாயில் கை வைத்தாள். பஸ் வரும்வரை என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், எந்த நிமிடம் அவிழுமோ என்று.

பியூலாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. இங்கேயே பிறந்தவள். ஏழு வயதில் பள்ளி வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள், “நாளைக்கு வரும்போது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வா, இதைக் கட்டிக்கொண்டு வராதே.” சின்னப் பிள்ளை பேச்சு என்று சிரித்தேன். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் கொஞ்சம் முன்னால் நடக்கப் பழகிக்கொண்டாள்.

3

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குக் கல்யாணத்தில் கட்டிய வெள்ளைப் பட்டைப் பத்திரமாக வைத்திருந்து, சாகும்போது அதையே கட்டிப் புதைப்பார்கள். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. இரண்டு பிள்ளை பிறந்ததும் சாயம் போட்டுக் கட்டித் தீர்க்கிற கட்சியும் உண்டு. அம்மா முதல் கட்சி. டிரங்குப் பெட்டியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்பு வைத்துக் கட்டி வைத்திருந்தாள். மழைக்காலம் முடிந்ததும் அந்த மூட்டையை அப்படியே வெயிலில் வைத்து எடுப்பாள், பிரிக்க மாட்டாள். “நான் போகையில பிரிச்சாப் போதும். அதக் கட்டித்தான் என்னய வைக்கணும், கேட்டுக்கங்க” என்று எங்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்தாள்.

என் கல்யாணத்துக்கு மதுரையில் சேலை எடுத்தபோதும் அதே மாதிரிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதே வெள்ளை, அதே கோதுமைமணிக் கரை வைத்த வெள்ளிச் சரிகை. கல்யாணம் முடிந்ததும் அதையும் வேட்டித் துணியில் சுற்றி, அதே பெட்டியில் தன் மூட்டைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அன்று வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு வெள்ளனே கிளம்பவேண்டும். வாசலில் ராஜன் கத்திக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது யாருடையது என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டு வருடம் அது இங்கே என் அலமாரியில் கிடந்தது. எங்கள் வார்டு சிஸ்டர் ஓய்வு பெறுகிற விருந்து வந்தது. என்னிடம் இருக்கிற பட்டு அது ஒன்றுதான், அதைக் கட்டலாமா என்று ஹன்ஸாபென்னிடம் கேட்டேன். “புருஷன் உயிரோடு இருக்கும்போது வெள்ளையா!” என்று காதைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியிடம் சொன்னால், வெள்ளைப் பட்டா, மறுபடியும் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்கிறாள். இந்தப் பக்கம் போனால் விதவை, அந்தப் பக்கம் போனால் மணப்பெண். சரி, சாயம் போட்டுக் கட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். நான் எப்போதும் இரண்டாம் கட்சி. நல்ல சேலையை மண்ணுக்குக் கொடுக்கவா எடுத்தோம்?

ஒரு சனிக்கிழமை குளியல்தொட்டியில் வெந்நீர் நிரப்பினோம். ராஜன் கெட்டில் கெட்டிலாகக் கொதிநீர் சுமந்தார். நான் சாயப் பொட்டலத்தைப் பிரித்து, உப்புப் போட்டுக் கலக்கி, மூட்டையை அவிழ்த்து முழுச் சேலையையும் ஒரே அமுக்காக உள்ளே அமுக்கினேன். நல்ல அரக்கு! கறுப்பும் இல்லாத சிவப்பும் இல்லாத, பார்த்தால் விழுங்கிவிடலாம்போல ஒரு கலர். வெள்ளிச் சரிகை அதில் பளபளவென்று எழுந்து நின்றது. விருந்துக்குக் கட்டிக்கொண்டு போனேன். டாக்டரிலிருந்து கூட்டித் துடைக்கிறவர்வரை வந்து தொட்டுப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் ஒருநாளும் இருந்ததில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

4

அடுத்த வாரம் அதை இஸ்திரி போட்டேன். இடுப்பில் செருகுகிற உள் முனைக்கு வந்தேன். ஓரத்தில், கரைக்குப் பக்கத்தில், இரண்டு புள்ளியும் ஒரு கோடும். கறுப்பாக.

இஸ்திரிப் பெட்டியை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். கருகல் வாசம் வந்து ராஜன்தான் ஓடிவந்து பிடுங்கி வைத்தார்.

அது சலவைக்காரர் போடுகிற குறி. சேங்கொட்டைச் சாற்றால் போடுவது, எதற்கும் போகாது. என் சேலை சலவைக்குப் போனதே இல்லை. போனது அம்மாவின் சேலை. அம்மா கல்யாணத்தன்று மழை பிடித்து, கோயிலிலிருந்து வீடு வருவதற்குள் கீழெல்லாம் சேறு. மாமியார் யாரையும் கேட்காமல் அதைச் சலவைக்குப் போட்டுவிட்டார். திரும்பி வந்தபோது ஓரத்தில் குறி. புதுப்பெண் மூன்று நாள் அழுதாளாம். இந்தக் கதையை அம்மா எங்களுக்குச் சொல்லாத வருடமே கிடையாது.

சாவுக்கென்று அம்மா முப்பத்தைந்து வருடமாக வைத்திருந்த துணியைக் குளியல்தொட்டியில் போட்டு அரக்கு ஆக்கி, கட்டிக்கொண்டு விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

ராஜன் யோசித்துவிட்டுச் சொன்னார், “பேசாம இரு. பெட்டியில உன் சேலை இருக்குல்ல? அதத்தான் கட்டுவாங்க. ரெண்டும் ஒண்ணுபோலதான. அம்மாவுக்குத் தெரியவா போவுது?”

நியாயம்தான். அம்மா பிரிக்கமாட்டாள். பிரிக்கிற அன்றைக்குப் பார்க்க அவள் இருக்கமாட்டாள். யாருக்கும் தெரியாமல் முடிந்துபோகும். அப்படி முடியும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. செத்தவளை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

அடுத்த நாள் வார்டில் மருந்து வண்டி தள்ளும்போதே அழுகை வந்துவிட்டது. என்ன என்று கேட்டார்கள். அம்மாவின் அடக்கச் சேலை, நான் பாழாக்கிவிட்டேன் என்று விம்மலும் இங்கிலீஷுமாக ஏதோ சொன்னேன். அவர்களுக்கு ‘அம்மா’வும் ‘அடக்க’மும் மட்டும்தான் கேட்டிருக்கிறது. என்னைக் கட்டிப்பிடித்து, மூன்று நாள் லீவு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வாசலில் பூங்கொத்து. கூடவே கறுப்பு ஓரம் வைத்த அனுதாப அட்டை, வார்டு முழுக்கக் கையெழுத்துப் போட்டது. அட கண்றாவியே! அம்மா கொடைக்கானலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைத்துக்கொண்டிருக்கிறாள், இங்கே நான் அவளுக்கு அனுதாப அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுக்கவும் வாய் வரவில்லை, கிழிக்கவும் கை வரவில்லை. ராஜனிடம், “ஊருக்குப் போய் நேர்ல சொல்லிட்டு வந்துர்றேன்” என்றேன்.

5

டிக்கெட்டுக்குச் சேர்க்க ஒன்றரை வருடம் ஆனது. எண்பத்தொன்று மே மாதம், நான் மட்டும் போனேன். பியூலா வரமாட்டேன் என்றுவிட்டாள், தோழி வீட்டுப் பிறந்தநாள் இருக்கிறதாம்.

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். சொந்தக்காரர்களுக்கென்று ஆறு ஜப்பான் நைலான் சேலை வைத்திருந்தேன். “ஃபாரின் சேலையாம்மா? விற்கிறதுக்கா?” என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அடியில் அரக்குப் பட்டு. “இது?” என்று கையில் எடுத்தார்.

“அது உள்ளூர்ச் சேலைதாங்க. எங்க அம்மாவைப் புதைக்கிறப்பக் கட்டுறதுக்கு.”

சுட்டதுபோலக் கையை உருவிக்கொண்டார். “அம்மா எப்ப...?”

“இன்னும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்காங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு ஆறு நைலானையும் அவரே உள்ளே திணித்து, பெட்டியை மூடி, போகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் போய் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. சீஸன் கூட்டம், வருகிறவர் போகிறவர் என்று ஆயிரம் சாக்கு. நான்காம் நாள் காலை அம்மா பூம்பாறைப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சாந்தா என் பெட்டியைக் குடைந்தாள். தடுப்பதற்குள் எடுத்து உதறிவிட்டாள்.

“யக்கா, என்னா கலரு இது! கண்ண அள்ளுது. எனக்கா?”

அம்மா நிமிர்ந்தாள். கண் நேராகக் கரைக்குப் போனது.

“இங்க கொண்டா அத.”

பூண்டுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கரையோடு விரலை ஓட்டிக்கொண்டே உள் முனைக்கு வந்தாள். திருப்பினாள். குறி இருந்தது.

“இது எஞ்சேலைல்ல?”

“ஆமாம்மா.”

“எஞ்சேலை பெட்டிக்குள்ளல்ல கெடக்கு?”

“அது என்னோடதும்மா. போற அவசரத்துல மாத்தி எடுத்துட்டுப் போயிட்டேன்.”

“சாயம் யாரு போட்டது?”

“நாந்தான். எஞ்சேலைன்னு நெனச்சு.”

“எதுல முக்குன?”

“குளிக்கிற தொட்டியிலம்மா.”

“குளிக்கிற தொட்டியிலயா!” பூண்டுச் சுளகு சரிந்தது. “காலு கழுவுற எடத்துலயாடி என் கல்யாணச் சேலைய முக்குன?”

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “ஒங்கக்காவச் சாப்பிடச் சொல்லு”, “ஒங்கக்காகிட்ட ஸ்வெட்டரப் போடச் சொல்லு” என்று எல்லாம் சாந்தா வழியாகவே வந்தது. போதகர் ஐயாவைக்கூட வரவழைத்துவிட்டாள். அவர் காப்பி குடித்துவிட்டு, “பரலோகத்துல கலர் பாக்குறதில்ல டீச்சரம்மா” என்றார். “பரலோகத்தப் பத்தி யாருங்கய்யா கவலப்பட்டா? அதுக்கு முன்னாடி பொட்டியச் சுத்தி நின்னு பாக்குற சனத்தப் பத்தித்தான்” என்றாள் அம்மா. அவர் வேறு சோலி இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். நான் சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இதற்கு ராஜன் சொன்னதையே கேட்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நானும் சாந்தாவும் கிளம்பி வாசலில் நின்றோம். உள்ளேயிருந்து அம்மா வந்தாள். அரக்குச் சேலை. வெள்ளை ரவிக்கை. இருபத்தாறு வருடமாக வெள்ளை தவிர எதையும் கட்டாத என் அம்மா!

சாந்தா என் முழங்கையைக் கிள்ளினாள்.

“என்னாடி, வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீக? மணி ஆச்சு, வெரசா வாங்க.”

பஜார் வழியாக நடந்தோம். ராவுத்தர் மகன் கடை வாசலில் நின்றவன், எடுத்த பீடியைப் பற்றவைக்க மறந்துவிட்டான். கோயிலுக்குள் நுழைந்ததும் பெண்கள் பக்கம் ஒரே நேரத்தில் திரும்பியது. பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாடினவர்களில் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள், ஆர்மோனியம் மட்டும் தனியாகப் போனது. அம்மா எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் பாடினாள். எனக்குக் காது மடல் கொதித்தது. பெருமையா வெட்கமா என்று கேட்காதீர்கள்.

வெளியே வந்ததும் எலிசா அக்கா பிடித்துக்கொண்டார். அம்மாவோடு வேலை பார்த்தவர்.

“என்ன டீச்சர், இந்த வயசுல! ஊரு என்ன சொல்லும்?”

“சொல்லட்டும் எலிசா. இருவத்தாறு வருசம் வெள்ளையக் கட்டுனேனே, அதுக்கு ஊரு என்ன சொல்லுச்சு? ஒண்ணுஞ் சொல்லலியே.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அம்மா என்னிடம் நேரடியாகப் பேசினாள், மூன்று நாளில் முதல்முறையாக.

“கண்ணாடியில பாத்தேன்டி. எனக்கு இந்தக் கலரு நல்லாத்தான் இருக்கு. ஒருத்தரும் சொல்லவேயில்ல பாரு.”

“அம்மா, அப்ப ஒன்னய...” என்று ஆரம்பித்தேன்.

“பெட்டியில ஒன் வெள்ளை இருக்குல்ல, அதக் கட்டி வைங்க. தெரிஞ்சே எடுத்துக்கிறேன், நீயா ஒண்ணும் மறைக்க வேணாம். இத நான் கட்டிக் கிழிக்கப் போறேன்.”

“அப்ப எனக்கு?”

“நீதான் அங்க கடை கடையா ஏறுறவளாச்சே. வாங்கிக்க.”

6

அம்மா நான்கு வருடம் அதைக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல். எண்பத்தைந்தில் மழைக்காலத்தில் இறந்தாள். தந்தி என் கைக்கு வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. சாந்தா பிறகு எழுதினாள், “ஒன் சேலையத்தான் கட்டுனோம்க்கா. எலிசாக்காவும் நானும். அரக்கு நைஞ்சு நூல் நூலாப் போயிருச்சு, முந்தியில ஒரு சாண் வெட்டி வச்சிருக்கேன்.” நான் கல்யாணத்தன்று கட்டிய சேலை அம்மாவோடு அந்த மலைமேல் மண்ணுக்குள் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் பொலபொலவென்று கண்ணீர் வரும், ஆனால் அந்த அழுகையில் குறை ஒன்றும் கிடையாது.

எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை. போன மாதம்தான் தோன்றியது. எங்கள் வார்டில் ஒரு குஜராத்திப் பாட்டி இறந்துபோனார். பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். வழக்கப்படி உடம்பைத் துடைத்து, ஆஸ்பத்திரி கொடுக்கிற காகிதம் மாதிரியான வெள்ளை அங்கியை மாட்டினேன். பின்பக்கம் நாடா. அவர் கட்டிவந்த சேலையை மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர் எழுதிச் சீட்டு ஒட்டினேன். இதை இருபது தடவையாவது செய்திருப்பேன். அன்றைக்குச் சீட்டு ஒட்டும்போது பகீர் என்றது. நான் ஊருக்குத் திரும்பப் போவதில்லை. அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. வீடு இங்கே, பென்ஷன் இங்கே, பியூலா இங்கே. என்னையும் ஒருநாள் இப்படித்தான் நாடா கட்டி, என் சேலையைப் பையில் போடுவார்கள்.

அதனால்தான் அந்த வெள்ளைப் பட்டு.

வீட்டுக்கு வந்து பியூலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஹன்ஸாபென்னிடம் சொன்ன அதே வார்த்தையில்தான் சொன்னேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. காதிலிருந்து பாட்டுக் கருவியை எடுத்தாள். அழுவாள், அல்லது கதவை அறைந்துகொண்டு மாடிக்குப் போவாள் என்று நினைத்தேன்.

“அதை யார் கட்டிவிடுவார்கள்?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

“நீதான்.”

“எனக்குக் கட்டத் தெரியாதே, மம்மி. எனக்கே கட்டிக்கொள்ளத் தெரியாது.”

பதினாறு வருடம் கடை கடையாக ஏறினேன், அலமாரி நிறையச் சேலை, ஒன்றைக்கூட அவளை நிற்கவைத்துக் கட்டிக்காட்டவில்லை. வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன். ஊரிலே எலிசா அக்கா இருந்தார், சாந்தா இருந்தாள். இங்கே எனக்கென்று இருக்கிற இந்த ஒருத்திக்குக் கொசுவம் வைக்கத் தெரியாது.

“வா, நில்லு, கட்டிக் காட்டுறேன்” என்றேன்.

“நான் எதற்கு நிற்க வேண்டும்?” என்றாள். சேலையின் ஒரு முனையைக் கையில் எடுத்தாள். “நீதானே படுத்திருப்பாய்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை சொன்னது சரி. மிஷன் ஆஸ்பத்திரியில் படிக்கும்போது எங்களுக்கு அதைத்தான் சொல்லித்தந்தார்கள், படுத்திருக்கிற உடம்புக்குச் சேலை கட்டுவது வேறு வேலை. கட்டிலில் மல்லாந்து படுத்தேன். சொல்லச் சொல்லச் செய்தாள். கொசுவத்தை முதலிலேயே கையில் மடித்துக்கொள். இடது பக்கம் என்னைப் புரட்டு. அடியில் தள்ளு. இப்போது வலது பக்கம். இரண்டு தடவை கொசுவம் கலைந்தது. முதல் தடவை திட்டினேன். இரண்டாம் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மம்மி, மூச்சு விடாத. வயிறு ஆடுது” என்றாள், தமிழில்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அந்த நேரம் பார்த்து மில்லிலிருந்து ராஜன் வந்துவிட்டார். அறை வாசலில் அவர் காலடி நின்றது தெரிந்தது. சாப்பாட்டு டப்பா தடாலென்று விழுந்தது. “கிரேஸ்!” என்று ஒரு அலறல், பதினாறு வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. கண்ணைத் திறக்கப்போனேன்.

பியூலா ஒரு கையால் என் தோளை அழுத்திப் படுக்கவைத்தாள். அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அப்பா, சத்தம் போடாதீங்க. முந்தானி இன்னும் போடல.”